மருந்துச் செலவு: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில். சித்தி வாட்ஸப்பில் அனுப்பிய பத்திரிகையைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பதில் போடாமல் இருந்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நேற்று கேட்டுவிட்டார். அவருக்கும் இதுதான் பதில். இந்தப் பக்கத்தை அவர் விடாமல் படிக்கிறார் என்று தெரியும். அதனால் சில இடங்களில் சுற்றி வளைப்பேன். உங்களுக்குப் புரியும்.

சிங்கப்பூர் எஸ்-லீக் கால்பந்தில் நம் உட்லண்ட்ஸ் வெலிங்டன் ஆடிய 2014 சீசனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் எழுத வேண்டும். எந்த அணியோடு ஆட்டம் என்று எழுதப்போவதில்லை, ஸ்கோரும் எழுதமாட்டேன். பழைய ராம்ஸ் ரசிகர்கள், அதாவது நம் உட்லண்ட்ஸ் ஆட்கள், இரண்டு பேர் இதைப் படிக்கிறார்கள், நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் தேசிய சேவை முகாமிலிருந்து புக் அவுட் ஆகி, மொட்டைத் தலையோடு நேராக மார்சிலிங்கில் இறங்கி நடந்து வந்தேன். உட்லண்ட்ஸ் ஸ்டேடியத்தில் உங்கள் வழக்கமான வரிசை. காரிபாப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். முதல் பாதி முடிவதற்குள் இடி எச்சரிக்கை ஊளையிட்டது, ஆரஞ்சு விளக்கு சுழன்றது, நடுவர் எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டார். அந்தப் பெரிய ஸ்டேடியத்தில் கூரைக்குக் கீழே ஒதுங்கிய கொஞ்சம் பேர், நாலு மேளம், ஓட்டப்பாதையில் மழைத் தண்ணீர். "தலையைத் துடைடா, சளி பிடிக்கும்" என்று சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினீர்கள். அதோடு ஒரு சீட்டும் வந்து, கீழ்ப்படியில் விழுந்தது.

பந்தயச் சீட்டு. நீங்கள் பந்தயம் கட்டுவது எனக்கு ஒன்றும் புதிதில்லை. நம் லீகுக்கு 1999-லேயே சட்டப்படி பந்தயம் வந்துவிட்டது, அதில் தப்பில்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அதில் அச்சாகியிருந்த பெயர் நம்முடையது இல்லை. எதிரணி ஜெயிக்கும் என்று கட்டியிருந்தீர்கள். தொகையையும் பார்த்தேன் (சித்தி, அதைக் கேட்காதீர்கள்).

நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பூட்ஸை அதன்மேல் வைத்தேன். பிறகு நாடா கட்டுவதுபோல் குனிந்து எடுத்துக்கொண்டேன். ஏன் திருப்பித் தரவில்லை என்று இத்தனை வருஷமாக யோசித்தும் உருப்படியாக ஒரு காரணம் கிடைக்கவில்லை. பத்தொன்பது வயது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அரை மணி நேரம் கழித்து ஆட்டம் தொடங்கியது. அதன்பிறகு நீங்கள் கத்தினீர்களே! தொண்டை கிழிய, நம் கோல்கீப்பரைப் பெயர் சொல்லி, லைன்ஸ்மேனை மலாயிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டு. நான் ஆட்டத்தையே பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கோல் போட்டபோது ஒரு சின்னச் சந்தோஷமாவது தெரியுமா என்று. இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். தோற்றோம். உங்கள் சீட்டு ஜெயித்தது. பஸ்ஸில் இரண்டு முறை சட்டைப் பையைத் தடவினீர்கள். கேட்கவில்லை. கேட்டால் என்ன சீட்டு என்று சொல்ல வேண்டியிருக்கும், இல்லையா?

இதற்கு முன்னால் 2007-ஐ நினைத்துக்கொள்கிறேன். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வருஷம் பையனைக் கெடுக்கிறாய் என்று அம்மா உங்களைத் திட்டினார். லீக் கோப்பை இறுதியாட்டத்தில் நாம் செங்காங் பொங்கோல் அணியை 4-0 என்று அடித்தோம். "94 மலேசியக் கோப்பை ஃபைனல்ல நம்ம சிங்கப்பூர் ஷா ஆலம்ல பஹாங்குக்குப் போட்டதும் நாலு, இதுவும் நாலு" என்று என்னைத் தோளில் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் குண்டுப் பையன். உலகமே சனிக்கிழமை ராத்திரி காப்பிக்கடைத் திரையில் மான்செஸ்டருக்குக் கத்தும்போது, வெள்ளிக்கிழமை உட்லண்ட்ஸுக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். லீகை ஒருமுறைகூட வெல்லாத அணி. அதனால்தான் அந்தச் சீட்டு அப்படி வலித்தது.

சித்தியிடம் சொன்னது நான்தான். அது அவர் நல்லதுக்காக என்று அன்றைக்கு நம்பினேன், பாதி இப்போதும் நம்புகிறேன். மீதிப் பாதி வெறும் பழி. வீட்டில் பிறகு நடந்ததை இங்கே எழுதமாட்டேன். சீட்டு என் பர்ஸில் இருக்கிறது என்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்னதும் லேசானதில்லை. "தோத்தா மனசு வலிக்கும்டா. அதுக்கு மருந்துச் செலவு, அவ்வளவுதான்" என்றீர்கள். அதில்கூட எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அடுத்து, எல்லோர் முன்னாலும், "இவனை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனதே என் தப்பு" என்றீர்கள். ஏழு வருஷ வெள்ளிக்கிழமைகளை ஒரே வாக்கியத்தில் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள், சித்தப்பா. அதை எந்தக் கடையில் போய் மாற்றுவது?

சீசனின் கடைசி ஆட்டங்களுக்கு நான் மறுகோடியில் உட்கார்ந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். காரிபாப் பையைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் எழுந்து வரவில்லை. லீகை வென்று வாரியர்ஸ் அணி கோப்பையைத் தூக்கியது, நவம்பரில் அறிவிப்பு வந்தது. 12 அணி 10 ஆகும், நம்மை ஹவ்காங் கிளப்போடு இணைப்பார்கள், தஞ்சோங் பகார் கிளப் ஒதுங்கும். அதோடு ஒரு கிளப்பில் 30 வயதைத் தாண்டியவர்கள் ஐந்து பேருக்கு மேல் கூடாது என்றும் ஒரு விதி. 44 வயதுவரை ஆடிவிட்டு ஆட்டக்காரர் அலெக்சாண்டர் ஜூரிச் அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். இந்த விதியைக் கேட்டு நீங்கள் எப்படிக் குதித்திருப்பீர்கள் என்று முகாம் படுக்கையில் கிடந்தபடி நினைத்தேன். எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். அன்றைக்காவது நீங்கள் போன் செய்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களும் அப்படியே காத்திருந்ததாக சித்தி சொன்னார், பத்து வருஷம் கழித்து. அடுத்த சீசன் பட்டியலில் ஹவ்காங் மட்டும்தான் இருந்தது. நம் பெயர் இல்லை. நாம் சண்டை போட்ட இடமே காணாமல் போய்விட்டது, பிறகு எங்கே போய்ச் சமாதானம் ஆவது?

2025 மே 18 அன்று பீஷானில் இருந்தேன். நம் ஊர் கிளப் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டத்தில் ஷார்ஜாவோடு மோதியது. ஸ்டேடியம் நிறைந்த ஒரு கிளப் ஆட்டம், நம் ஊரில்! 91-வது நிமிடம் செய்லர்ஸின் லெஸ்டியென் சமன் செய்ததும் பக்கத்தில் இருந்த மலாய்க்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். 97-ல் ஷார்ஜா போட்டுவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அச்சு அசல் உங்களைப்போல. அப்போதுதான் பட்டது, அந்த ராத்திரி நீங்கள் நடிக்கவில்லை. இதை எழுத இன்னும் இவ்வளவு நாள் ஆனது வேறு விஷயம். உங்கள் பிடிவாதத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தச் சீட்டில் இப்போது ஒரு எழுத்தும் இல்லை, வெள்ளைத் தாள். தொகை மட்டும் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மொய்க் கவரில் அதை வைக்கிறேன், முறைப்படி ஒரு வெள்ளி கூட்டி. சித்தி எண்ணுவதற்கு முன்னால் நீங்கள் எண்ணிவிடுங்கள்.

உங்கள் குண்டுப் பையன்