பதிவேட்டை இனி உங்கள் நிரலே கேட்கலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தரவின் ஒவ்வொரு புலமும் எதைக் குறிக்கிறது என்ற வரையறைகள் அடங்கிய எங்கள் மெட்டாடேட்டா பதிவேட்டை இதுவரை உலாவியில் திறந்து, தேடிப் பார்த்து, வேண்டியதை எக்செல் தாளில் நகலெடுத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு அது சரி. பதிவேட்டில் ஒரு வரையறை திருத்தப்பட்டதும் அந்த நகல் பழசாகிவிடும். அதை உங்களுக்குச் சொல்ல வழி இல்லாமல் இருந்தது. அதனால்தான் தேடல், வரையறை எடுத்தல், சரிபார்ப்பு ஆகிய மூன்று கருவிகளையும் ஏபிஐ சேவைகளாக, அதாவது உங்கள் நிரல் நேரடியாகக் கேட்டுப் பதில் வாங்கும் வழிகளாகத் தருகிறோம். பதில், நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும். பதிவேட்டின் திரையும் இனி இதே சேவைகளிலேயே ஓடும். ஆகவே நீங்கள் கண்ணால் பார்ப்பதும் உங்கள் நிரல் வாங்குவதும் ஒன்றாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெயரை வைத்து நிரல் எழுதாதீர்கள்; ஒவ்வொரு வரையறைக்கும் தனித்தனியாக உள்ள அடையாளக் குறியை, அதாவது யூஆர்ஐயை வைத்து எழுதுங்கள். ‘ஆசிரியர்’ என்று தேடிப் பாருங்கள். நூலை எழுதியவரும் ஆசிரியர்தான், இதழைப் பதிப்பிப்பவரும் ஆசிரியர்தான், பள்ளியில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர்தான். நூல், ஆவணம் போன்றவற்றை விவரிக்கும் டப்ளின் கோர் தரத்தின் 15 அடிப்படைக் கூறுகளில் ‘கிரியேட்டர்’ (உருவாக்கியவர்) வேறு, ‘கான்ட்ரிபியூட்டர்’ (பங்களித்தவர்) வேறு. எது எது என்று மனிதர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். நிரலுக்கு அது முடியாது. பெயர் நாளை மெருகேறலாம், குறி மாறாது. எழுத்துப் பிழை திருத்தினால் பதிப்பு எண் மட்டும் கூடும். பொருளே மாறினால் புதுக் குறி தருவோம். பழையதை அழிக்க மாட்டோம். ‘விலக்கப்பட்டது’ என்று குறித்து, புதியது எது என்றும் அதிலேயே காட்டுவோம்.

அப்புறம், சரிபார்ப்பு. 03-04-2012 என்பது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். ஒரு தரவு எதைக் குறிக்கிறது என்பதையும் அதை எப்படி எழுத வேண்டும் என்பதையும் பிரித்துப் பதியச் சொல்கிறது, மெட்டாடேட்டா பதிவேடுகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 11179 என்ற பன்னாட்டுத் தரம். அப்படிப் பதிந்திருப்பதால், ‘பிறந்த தேதி’க்கு ஆண்டு-மாதம்-நாள் என எழுதும் ஐஎஸ்ஓ 8601 வடிவம் வேண்டும் என்பது சேவைக்குத் தெரியும், 2012-04-03 என்று இல்லாவிட்டால் சுட்டிக்காட்டும். தானாகத் திருத்தாது. எந்த நாள் என்பது தரவைச் சேர்த்தவருக்குத்தான் தெரியும். நாங்கள் ஊகிப்பது தவறு.

லட்சம் பதிவுகளுக்கு லட்சம் முறை கேட்க வேண்டியதில்லை. வரையறையை ஒருமுறை வாங்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கேட்கும்போது முன்பு வரையறையோடு கூடவே வந்த ஈடேக்கை (அந்தப் பதிப்பைக் காட்டும் சிறு அடையாளத்தை) அனுப்பினால், மாற்றம் இல்லாதபோது ‘மாறவில்லை’ என்று பொருள்படும் 304 என்ற சிறு பதில் மட்டும் வரும். எங்கள் சேவையகம் சற்று நேரம் நின்றாலும் உங்கள் வேலை நிற்கக் கூடாது, அதற்கும் இந்தச் சேமிப்பு உதவும். 429 என்ற பதில் வந்தால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று பொருள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

பதிவேட்டைப் படிக்கச் சாவி (சேவையைப் பயன்படுத்த நாங்கள் தரும் அனுமதிச் சொல்) தேவையில்லை. திருத்தம் முன்மொழிய மட்டும் வேண்டும். எக்செல் பதிவிறக்கமும் தொடரும். உங்கள் நிரலில் குறிக்குப் பதில் பெயரால் அழைக்கும் புலங்களின் பட்டியலை அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய குறியை உங்களோடு உட்கார்ந்து பொருத்தித் தருகிறோம்.

அன்புடன்,
பதிவேட்டுக் குழு