மஞ்சக் கடுதாசி கொடுக்க முடியாத நாடுகள்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூத்தவள் வீட்டில் பேத்திக்குக் காது குத்து, காட்பாடிக்கும் இங்கேயுமாக அலைந்ததில் பதில் தள்ளிப்போயிற்று. விருந்துக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் குழம்பு வைத்தாள் உன் தங்கச்சி. உன் பேச்சுதான் வந்தது.

"டாலர், உலக வங்கி என்று உனக்கென்னடா கவலை?" என்று கேட்டிருந்தாய். ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்த்தவன் நான். தோல் பதப்படுத்துவது பாலாற்றங்கரையில், வாங்குகிறவன் இத்தாலிக்காரன், பில் போடுவது டாலரில். பேங்குக்குப் போன் போட்டு அன்றைய ரேட்டைக் கேட்ட பிறகுதான் முதலாளி காபியைத் தொடுவார். 2013இல் அமெரிக்க மத்திய வங்கி பணம் இறக்குவதைக் குறைக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அவ்வளவுதான், மே மாதம் 55 ரூபாயில் இருந்த டாலர் ஆகஸ்டில் 68ஐத் தொட்டது. ஏற்றுமதிக்காரனுக்கு லாபம்தானே என்பார்கள். நாங்கள் 56க்கே ஃபார்வர்டு புக் பண்ணியிருந்தோம், அதாவது வரப்போகிற டாலரை அந்த ரேட்டுக்கே தருவதாகப் பேங்கோடு முன்கூட்டியே பேசி முடித்திருந்தோம். வரவேண்டியது 56, கெமிக்கலுக்குக் கட்டவேண்டியது 68. இங்கே யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை, ராமலிங்கம்.

அது கம்பெனிக் கணக்கு. மனசை அறுப்பது வேறு. மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு அம்மா எங்கள் வீட்டுக்கு ஜாக்கெட் தைத்துத் தருகிறார். அவருடைய அக்கா வவுனியாவில். 2022இல் ஒரு நாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டார். "கேஸ் கிடைக்கேல்லை, விறகுதான்" என்று அந்தப் பக்கம் குரல். கையில் ஊசியோடு இவர் அப்படியே இருந்தார். அந்த ஏப்ரலில்தான் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நிதியத்தின் கடனுக்கு ஒப்புதல் கிடைக்க மறு வருஷம் மார்ச். கடன் பத்திரம் வைத்திருந்தவர்களோடு பேசி முடிக்க 2024 டிசம்பர். நடுவில் வாட் வரி 18 சதவீதம் ஆனது. அதைக் கட்டியது அந்த அக்கா.

நம் ஊரில் ஒரு வியாபாரி நொடித்துப்போனால் மஞ்சக் கடுதாசி கொடுப்பான். கடன் கொடுத்த அத்தனை பேரையும் கோர்ட்டு ஒன்றாக நிறுத்தி, இருப்பதைப் பங்கு போடும். நாடு நொடித்தால் போய் நிற்க ஒரு கோர்ட்டு இல்லை. 2001இல் ஐ.எம்.எஃப்.பில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆன் குரூகர் இதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்றார். அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை, 2003இல் கைவிட்டார்கள். அதே 2001இல் நொடித்த அர்ஜென்டினா, அதன் கடன் பத்திரங்களை வைத்துக்கொண்டு சமரசத்துக்கு வராத சில முதலீட்டு ஃபண்டுகளோடு நியூயார்க் கோர்ட்டில் மல்லுக்கட்டி, 2016இல்தான் மீண்டது. என்னைக் கேட்டால் முதலில் செய்யவேண்டியது இந்தக் கோர்ட்டுதான்.

ஐ.எம்.எஃப்.பில் பெரிய மாற்றம் எதுவானாலும் 85 சதவீத ஓட்டு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல். அது மறுத்தால் நின்றுபோகும். 2021இல் 65,000 கோடி டாலர் அளவுக்கு எஸ்.டி.ஆர். பங்கிட்டார்கள், அதாவது தேவைப்பட்டால் டாலராக மாற்றிக்கொள்ளக்கூடிய ஐ.எம்.எஃப். இருப்பு. அதுவும் கோட்டாப்படி, பெரிய பொருளாதாரத்துக்குப் பெரிய பங்கு. கொரோனாவில் தவித்த ஆப்பிரிக்கா முழுவதற்கும் சுமார் 3,300 கோடிதான் போயிற்று. பசித்தவனுக்கு முதலில் பரிமாறுகிற பழக்கம் அங்கே இல்லை.

உன் கோயம்புத்தூர்க்காரர் சண்முகம் செட்டியார் 1944இல் ஐ.எம்.எஃப்.பும் உலக வங்கியும் உருவான பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் இருந்தார், தெரியுமா? அதற்கு முன்பே இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் கீன்ஸ் ஒரு திட்டம் வைத்திருந்தார்: கடன்பட்ட நாடு மட்டும் வயிற்றைக் கட்டினால் போதாது, மிச்சம் பிடித்துக் குவிக்கிற நாடும் கட்டணம் கட்டவேண்டும் என்று. அன்றைக்குக் குவித்து வைத்திருந்தது அமெரிக்கா. எடுபடவில்லை. எனக்கு இன்றும் அது நியாயமாகவே படுகிறது. நீ பேங்கில் இருந்தவன், இதில் ஓட்டை இருந்தால் எழுது.

அந்த அம்மா நேற்று வந்திருந்தார். அக்கா வீட்டில் இப்போது கேஸ் இருக்கிறதாம். ஆனாலும் ஒரு வேளை விறகில்தான் சமைக்கிறாராம்.

ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை போகலாம் என்றாயே, முதல் நாளே வந்துவிடு.

உன்,
பாஸ்கரன்