தண்ணீர் ஊற்றக் கூடாத தண்ணீர் மேசை

அனுப்புநர்:
உரிமையாளர்,
தகடு வெட்டும் பட்டறை,
துவாக்குடி, திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர்,
விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு.

பொருள்: பிளாஸ்மா வெட்டு இயந்திரத்தின் தண்ணீர் மேசை துருப்பிடித்தது, அதற்கான புகார் நிராகரிக்கப்பட்டது, உங்கள் சேவை ஊழியர் சொன்ன ஆபத்தான யோசனை.

ஐயா,

சென்ற வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் மூன்றே வரி. மேசையின் அரிப்பு தண்ணீரால் ஏற்பட்டதாம். தண்ணீரால் வரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காதாம். ஆகவே புகார் முடித்துவைக்கப்பட்டதாம். நான் வாங்கியது தண்ணீர் மேசை. வெட்டும் தகட்டுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேசை. விலைப்பட்டியலில் நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அதில் வேறு எதை ஊற்றியிருக்க வேண்டும் என்று அந்தப் பதிலை எழுதியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

10 அடிக்கு 5 அடி மேசை. வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. மேசைச் சட்டகத்துக்கும் தொட்டிக்கும் 3 ஆண்டு உத்தரவாதம் என்று எழுதித் தந்தீர்கள். ஆறாவது மாதமே தொட்டியின் உட்சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் தேய்த்தால் தோல் உரிவதுபோல் வந்தது. இப்போது மூலை வெல்டில் இரண்டு இடங்களில் தண்ணீர் கசிகிறது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு பட்டையாகக் குழிகள் விழுந்திருக்கின்றன. 4 மி.மீ. தகட்டில் சில குழிகள் ஒன்றரை மி.மீ. வரை இறங்கிவிட்டன. தகடு தாங்கும் பட்டைகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அவை வெட்டுப்பட்டுத் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவைதான். தொட்டி அப்படியல்ல.

உரிந்த பெயின்ட் துண்டு ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். கருநீல நிறத்தில் செதில் ஒட்டியிருக்கிறது. உருட்டாலையிலிருந்து வரும் தகட்டின் மேல் இருக்கும் மில் ஸ்கேல் அது. அதை எடுக்காமலே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே நீல பெயின்ட் பூசி அனுப்பியிருக்கிறீர்கள். பெல் நிறுவனத்தின் துணைத் தொழில்களை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. பிரைமருக்கு முன் தகட்டை பிளாஸ்டிங் செய்து, அதாவது துகள்களை வேகமாகப் பீய்ச்சிச் செதிலை நீக்கி, வெள்ளை எடுக்க வேண்டும் என்பது இங்கே பெயின்ட் டப்பா தூக்கும் பையனுக்கும் தெரியும். மில் ஸ்கேல் வெறும் அழுக்கு என்றால்கூட விட்டுவிடலாம். நனைந்த இடத்தில் அது தன்னைக் காத்துக்கொண்டு, பக்கத்தில் வெளித்தெரியும் இரும்பைத் தின்னக் கொடுத்துவிடும். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், சுற்றியிருக்கும் செதிலின் வேகம் முழுவதும் அந்தக் கீறலில் இறங்கும். அதனால்தான் என் தொட்டி பரவலாகத் துருப்பிடிக்காமல் குழி குழியாகப் போயிருக்கிறது.

வடிகால் குழாயையும் சொல்ல வேண்டும். அது தொட்டியின் அடியிலிருந்து 40 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. முழுவதும் வடித்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்த ஒவ்வொரு முறையும் அடியில் ஒன்றரை அங்குலத்துக்குக் கசடும் கலங்கலுமாகத் தங்கியே இருந்திருக்கிறது. அந்தச் சேற்றுக்கு அடியில் காற்று புகாது. அழுகிய முட்டை நாற்றம் வர ஆரம்பித்த பிறகுதான் கையை விட்டுத் துழாவிப் பார்த்தோம்.

என் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. முதல் எட்டு மாதங்கள் போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றினேன். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு, 1,350 காட்டுகிறது. உப்பு கூடினால் துரு வேகம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கையேட்டில் தண்ணீரைப் பற்றி இருப்பது ஒரே வாக்கியம்: “சுத்தமான தண்ணீரை நிரப்பவும்.” போர்வெல் கூடாது என்றோ, டி.டி.எஸ். இவ்வளவுதான் இருக்கலாம் என்றோ, துருத்தடுப்பு ரசாயனம் சேர்க்க வேண்டும் என்றோ அதில் ஒரு சொல் இல்லை. 500க்கு மேல் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்பதைப் புகார் கொடுத்த பிறகுதான் தொலைபேசியில் கேள்விப்பட்டேன். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றும் அதே அழைப்பில் சொன்னார்கள். அதுவும் சரியல்ல. காற்றில் நிற்கும் எந்தத் தண்ணீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கும். மருந்து சேர்க்காத ஆர்.ஓ. தண்ணீரிலும் இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஒன்பதாவது மாதம் உங்கள் சேவை ஊழியர் வந்தார். துருவைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் சலவைச் சோடா போடச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டேன். “வழவழப்பு வரும்வரை” என்றார். நாங்களும் கிலோக் கணக்கில் போட்டோம். காரத் தன்மை ஏறினால் இரும்பில் துரு மட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் என் பட்டறையில் இரும்பு மட்டும் வெட்டுவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அலுமினியத் தகடும் வெட்டுகிறோம். அன்றும் மேசையில் பாதி வெட்டிய அலுமினியத் தகடு கிடந்ததை அவர் பார்த்தார். அலுமினியக் கசடு தண்ணீரில் விழுந்தாலே தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். தண்ணீர் காரமாக இருந்தால் அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படலம் கரைந்துபோய் வாயு பல மடங்கு வரும். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, ஞாயிறு முழுவதும் மேசைமேல் கிடந்த தகட்டில் முதல் துளை போட்டபோது அடியிலிருந்து ‘டம்’ என்று ஒரு சத்தம். தகடு ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. இயக்கிக்கொண்டிருந்த தம்பியின் முகத்தில் சூடான தண்ணீர் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வெடி சிறியதுதான். ஆனால் ஒரு விடுமுறை நாளுக்குள் தகட்டின் அடியில் எவ்வளவு வாயு சேரும் என்று யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

அன்றைக்கே தண்ணீரை மாற்றினோம். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடும் வெட்டுவதால் குரோமியம் கலந்திருக்கும் என்று சாக்கடையில் விடாமல் பேரல்களில் பிடித்து வைத்திருக்கிறேன். அதை அப்புறப்படுத்தும் செலவும் என் தலையில்தான்.

பிறகு நாலு பேரிடம் கேட்டு, நைட்ரைட் கலந்த துருத்தடுப்பு மருந்தை வாங்கி, அளவோடு சேர்த்து, வாரம் ஒருமுறை காகிதப் பட்டையால் சோதிக்கிறோம். மருந்து குறைந்தால் மொத்தத் துரு நின்று, குழித் துரு மட்டும் இன்னும் ஆழமாக இறங்கும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எட்டரையைத் தாண்ட விடுவதில்லை. அலுமினியம் வெட்டிய அன்றே கசடை அள்ளுகிறோம். இரவில் எந்தத் தகடும் மேசைமேல் கிடப்பதில்லை. காலையில் தண்ணீரைக் கலக்கிவிட்டுத்தான் முதல் துளை. ஐந்து மாதங்களாகப் புதிதாகக் கொப்புளம் இல்லை. கசிவது பழைய காயம்தான். ஒரு பக்கத்தில் அச்சடித்து இயந்திரத்தோடு கொடுத்திருக்க வேண்டிய விஷயம் இது. லட்சக்கணக்கில் பணம் கொடுத்தவன் அண்டை பட்டறையில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் கேட்பது இவை. உங்கள் செலவில் தொட்டியைக் கழற்றி, உள்ளே முழுவதும் எஸ்.ஏ. இரண்டரை தரத்துக்கு (செதிலும் துருவும் ஏறக்குறைய முழுவதும் போகும்வரை) பிளாஸ்டிங் செய்து, கசியும் வெல்டைத் தோண்டி எடுத்து மறுபடி வெல்டு செய்து, தண்ணீருக்குள் நிற்கும் எபாக்சியை இரண்டு பூச்சாக அடித்துத் தர வேண்டும். முடியாதென்றால் புதுத் தொட்டி. வடிகாலை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். ஓரத் தண்டவாளத்தில் பிடித்த துருவை நாங்களே எண்ணெயும் உப்புத்தாளும் வைத்துப் போக்கிவிட்டோம், அதற்கு ஒன்றும் வேண்டாம்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவில் சொல்கிறது. அலுமினியமும் வெட்டுவேன் என்று நான் அனுப்பிய கொள்முதல் ஆணையின் நகல் இணைப்பில் இருக்கிறது. வழக்குக்குப் போக எனக்கு நேரமில்லை, ஆனால் போகத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: விலைப்பட்டியல், உத்தரவாத அட்டை, கொள்முதல் ஆணை ஆகியவற்றின் நகல்கள், புகைப்படங்கள் 11, பெயின்ட் துண்டு 1.

பி.கு.: என் தொட்டிக்கு 15 நாள் காத்திருக்கிறேன். சலவைச் சோடா விஷயத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ஊழியர் வேறு எந்தெந்தப் பட்டறைகளில் இதைச் சொன்னார் என்று கேட்டு, அலுமினியம் வெட்டுபவர்களுக்கு இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.