கத்த முடியாத பூனை வீட்டில் இருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பூனை வளர்க்க நினைப்பவர்கள், சத்தம் போடாத குட்டியாகக் கிடைக்குமா என்று கேட்பதுண்டு. குரலே எழும்பாத பூனை கிடைத்தால் தொல்லை இல்லை என்று மகிழ்ந்து தூக்கிப் போகிறார்கள். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று கத்திக்கொள்வது மிகக் குறைவு. அந்தக் கத்தல் பெரும்பாலும் நம்மைப் பார்த்துத்தான். பசியோ வலியோ, எங்காவது அடைபட்டுக் கிடப்பதோ அதைக் கொண்டுதான் நமக்குத் தெரிகிறது. அந்தக் குரல் இல்லாத பூனையை வைத்திருப்பவர்கள் என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதை உங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறோம்.

குட்டியிலிருந்தே கத்தாத பூனை வேறு, நேற்றுவரை கத்திவிட்டு இன்று குரல் போன பூனை வேறு. கருத்தடை அறுவையின்போது மூச்சுக்குழலில் குழாய் செலுத்தியிருந்தால் சில நாள் குரல் கம்மும்; தானே சரியாகிவிடும். சளியைக் கொண்டுவரும் ஹெர்ப்பீஸ், கலிசி வைரஸ்களால் குரல்வளை வீங்கியும் குரல் போகும். அப்போது தும்மலும் கண்ணில் நீரும் கூடவே இருக்கும். இவை எதுவும் இல்லாமல் குரல் போனால் கழுத்தில் கடிபட்ட காயம், தொண்டையில் சதை வளர்ச்சி, குரல்வளைக்குப் போகும் நரம்பின் செயலிழப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். லேசான மயக்கம் கொடுத்துக் குரல்வளையை நேரில் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும். உள்ளூரில் அந்த வசதி இல்லாவிட்டால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியே சுற்றும் பூனைக்குக் குரல் மாறி, வாயில் எச்சில் வடிந்து, விழுங்கவும் சிரமப்பட்டால் தொண்டையில் முள் சிக்கியிருக்கிறதா என்று வாய்க்குள் விரலை விடாதீர்கள். வெறிநோயும் (ரேபிஸ்) இப்படித் தொடங்கலாம். பூனையைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கைவைத்தியம் வேண்டாம். தலைவலித் தைலம் தடவுவதும் ஆவி காட்டுவதும் பூனைக்கு ஆகாது. பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும். பூண்டும் வெங்காயமும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

குரல்வளை நரம்பு செயலிழந்த பூனைக்குக் குரலோடு மூச்சும் குறுகியிருக்கலாம். நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். அடுத்தடுத்த நாள்களிலும் அதற்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்க நேரம் இல்லை. வெயில் காலத்தில் பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை குளிர்ச்சியான அறையில் வையுங்கள். சாப்பிடும்போது இருமினாலோ குமட்டினாலோ உணவு மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும் என்பதால் எதைக் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

குரல் இல்லாத பூனைக்கு அன்றாட ஆபத்து அடைபடுவதுதான். பீரோவைத் திறந்து புடவை எடுப்பதற்குள் உள்ளே போய்விடும். பரண், துணி துவைக்கும் இயந்திரம், மொட்டைமாடிப் படிக்கதவு, மழைநாளில் காரின் பானெட் எல்லாம் அப்படித்தான். குரல் உள்ள பூனை கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இது உள்ளேயே கிடக்கும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், கொழுத்த பூனைக்கு இன்னும் அதிகம். ஆகவே வீட்டைப் பூட்டுமுன்பும் இரவு விளக்கணைக்குமுன்பும் பூனையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ‘உள்ளேதான் எங்காவது இருக்கும்’ என்பது போதாது. தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் (சம்ப்) மூடி உடைந்திருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள். குடியிருப்புச் சங்கங்களும் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே விழுந்த பூனை கத்தவில்லை என்றால் எட்டிப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றாது.

தேடுவதற்கு வழி, கூப்பிட்டால் வரப் பழக்குவது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே எவர்சில்வர் தட்டை, ஒரே கரண்டியால் மூன்று தட்டு தட்டிவிட்டு உணவு வையுங்கள். இரண்டு வாரத்தில் சத்தம் கேட்டதும் ஓடிவரும். தட்டியும் வராவிட்டால் எங்கோ சிக்கியிருக்கிறது என்று கொண்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள்.

கழுத்தில் மணி கட்டலாம், ஆனால் பூனை அசைந்தால்தான் மணி அசையும். பயந்து சுருண்டு கிடக்கும்போது உதவாது. காலர், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகையாகவே இருக்க வேண்டும். கழுத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாதாரண பக்கிள் காலர் ஜன்னல் கம்பியில் மாட்டினால், இந்தப் பூனை கழுத்து இறுகியும் சத்தம் கொடுக்க முடியாது. மூச்சுக் கோளாறு உள்ளதற்குக் காலரே வேண்டாம்.

பூனையே நம்மை அழைக்கவும் பழக்கலாம். சிறு பித்தளை மணியைக் கதவருகே பூனையின் மூக்கு உயரத்தில் தொங்கவிடுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த மீனை அதில் லேசாகத் தடவுங்கள். மூக்குப் பட்டு மணி ஒலித்த அதே கணம் பட்டாணி அளவு மீன் கொடுங்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம் போதும். தானாக அடிக்கத் தொடங்கியதும் மீன் தடவுவதை நிறுத்திவிட்டு, மணி ஒலித்தால் கதவைத் திறவுங்கள். பலரும் செய்யும் தவறு, இதே மணிக்கு உணவும் கொடுப்பது. நள்ளிரவில் அடிக்கும், நாமும் ஒருநாள் எழுந்து போவோம், மறுநாள் போகமாட்டோம், எப்போதாவது கிடைக்கும் என்று பூனை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். மணி கதவுக்கு, தட்டு உணவுக்கு என்று பிரித்து வையுங்கள்.

வலியைக் கண்டுபிடிக்க, பூனை சிறுநீர், மலம் கழிக்கும் மணல் தட்டைத்தான் நம்ப வேண்டும். கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் மற்றது முக்கி முக்கிக் கத்தும், இது சும்மா உட்கார்ந்து எழும். சிறுநீர் பட்டால் கட்டிப்படும் மணல் போட்டு, தினமும் கட்டிகளை எண்ணுங்கள். இரண்டு முதல் நான்கு என்பது பொதுவான கணக்கு. உங்கள் பூனையின் வழக்கம் எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி மணல் தட்டுக்குப் போய், அடிவயிற்றுப் பக்கம் நக்கி, கட்டி எதுவும் விழவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். முழு அடைப்பு ஓரிரு நாளில் கொன்றுவிடும். குரல் இல்லாத பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்தாலும் அலறாது. தரையில் புரள்வதையும் பின்பக்கம் தூக்குவதையும் கவனிக்காமல் விட்டால் ஒன்பது வாரத்தில் குட்டிகள் வந்துவிடும். ஐந்து ஆறு மாதத்திலேயே கருத்தடை செய்வது நல்லது.

ஊமை என்றால் செவிடும்தான் என்று நினைக்க வேண்டாம். செவிட்டுப் பூனைகள் பெரும்பாலும் உரக்கக் கத்துபவை. சீறல் காற்றால் எழுவது என்பதால் குரல் இல்லாத பூனையும் ‘புஸ்’ என்று சீறக்கூடும். அந்தச் சீறலை மதித்து விலகுங்கள், அதற்கு அடுத்தது நகம்தான். நம்மைப் பார்த்துக் கண்ணை மெல்ல மூடித் திறந்தால் நாமும் அதேபோல் செய்யலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2020இல் வெளியான ஆய்வில், அப்படிச் செய்தவர்களிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வந்தது தெரியவந்தது.

ஈத்துக் குட்டிகளில் ஒன்று கத்தாமல் இருந்தால், ஒதுங்கிப்போனாலும் தாய்க்குத் தெரியாது. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நாளுக்குச் சுமார் 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் பால் போதாமல் இருக்கலாம்.

இத்தகைய பூனையை வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அமைதியான பூனை என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். குரல் இல்லை, எப்போதிலிருந்து இல்லை, தூக்கத்தில் மூச்சு எத்தனை, எந்தத் தட்டுச் சத்தத்துக்கு வரும் என்பதை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் அந்தத் தட்டையும் கரண்டியையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
பூனை பராமரிப்பில் ஈடுபட்டுள்ள சிலர்,
சென்னை.