தயிரை ஏன் விட்டாய்?

அன்புள்ள முத்து,

நலம், நலமறிய ஆவல். தைக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். கிணற்று மோட்டார் மறுபடியும் மக்கர். மற்றதெல்லாம் அப்படியே.

நேற்று கோயிலில் உன் தங்கச்சியைப் பார்த்தேன். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து பால், தயிர், மோர் மூன்றையும் நிறுத்திவிட்டாயாமே! சாரதா கல்யாணப் பந்தியில் மோர் வாளியையே பக்கத்தில் வைக்கச் சொன்னவனா இது என்று சிரித்தேன். அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. காலையில் மூன்று கரண்டி சீனி போட்ட, பால் இல்லாத கட்டன் சாயா, நாலு பிஸ்கட். பாதம் இரண்டும் மதமதவென்று இருக்கிறதாம்.

ஏல, இதை லேசாக விடாதே. நீ முட்டைகூடத் தொடாத சைவம். பி12 சத்து செடிகொடியில் கிடைக்காது. உனக்கு அது வந்ததெல்லாம் பாலிலும் தயிரிலும்தான். ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வேறு சாப்பிடுகிறாய், அதுவும் பி12-ஐக் குறைக்கும். ரொம்பக் குறைந்தால் நரம்பு கெட்டு கால் மரத்துப்போகும். சர்க்கரையாலும் மரத்துப்போகும். உனக்கு எதனால் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த வாரமே பார்.

பெரியண்ணன் அப்படிப் போன பிறகு உனக்கு நெஞ்சைப் பற்றிப் பயம் இல்லாமல் இருக்குமா? எனக்கும் போன வருஷம் எல்டிஎல், அதுதான் கெட்ட கொலஸ்ட்ரால், 172 வந்தது. அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. காபியும் தயிருமாக நான் ஒருவனே தினம் அரை லிட்டரைத் தீர்த்தேன். அதிலேயே 30 கிராம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எல்டிஎல்லை ஏற்றுகிற நிறைவுற்ற கொழுப்பு. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவனுக்கு இந்த நிறைவுற்ற கொழுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பே சுமார் 22 கிராம்தான். இதற்கு மேல் பருப்புக்கு நெய், அடைக்கு வெண்ணெய்! 3 சதவீத நீலப் பாக்கெட்டுக்கு மாறினேன். நெய் நாள் கிழமைக்கு மட்டும். மாத்திரையும் ஆரம்பித்தேன். நாலு மாதத்தில் 104. பாதிக்கு மேல் மாத்திரையின் வேலைதான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் மதியத் தயிரை ஒரு நாளும் விடவில்லை.

2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நம் நாடு உட்பட 21 நாடுகள், 1,36,000-க்கு மேல் ஆட்கள், சுமார் ஒன்பது வருஷக் கண்காணிப்பு. பால், தயிர் போன்ற பால் பொருட்களை நாளைக்கு இரண்டு பரிமாறல் அளவுக்கு மேல் (ஒரு அளவு என்றால் ஒரு கோப்பை பால் அல்லது தயிர்) எடுத்தவர்களிடம், அறவே தொடாதவர்களைவிட மரணமும் பக்கவாதமும் குறைவாக இருந்தன. வெண்ணெய்க்கு அந்த நன்மை தெரியவில்லை. பால் குடித்ததால்தான் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது; அவர்கள் வாழ்க்கையில் வேறு வசதிகளும் இருந்திருக்கும். ஆனாலும் தயிரைக் கண்டு நடுங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு உனக்கு 310 என்றாள் உன் தங்கச்சி. அதை ஏற்றுவதில் அந்தச் சீனிக்கும் பிஸ்கட்டுக்கும் பங்கு உண்டு, முத்து. அதை நிறுத்து. சீனி போட்டு விற்கிற பழத் தயிரும் வேண்டாம். மோரில் உப்பு மட்டும் குறைவாகப் போடு, உனக்குப் பிரஷரும் இருக்கிறதே. மாத்திரை எதையும் நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரிடம் கேள்.

வரும் வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். தூக்குச் சட்டியில் கொஞ்சம் உறைமோர் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை ராத்திரி உன் வீட்டில் பாலை உறை ஊற்றி வைப்போம். ரிப்போர்ட்டை எடுத்து வை.

அன்புடன்,
சங்கரன்