பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்கு டெண்டர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது, தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறையும் வந்தது. சந்தோஷம். அடுத்த முறை ஆவணம் தயாரிக்கும்போது ஒரு விஷயத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: வெளி இணையம் அறுந்தாலும் வகுப்பு நிற்கக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. 720பி தரத்தில் பாட வீடியோ ஓட ஏறக்குறைய 2.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2.5 மெகாபிட்) வேகம் வேண்டும். 40 பிள்ளைகள் ஆளுக்கொன்று திறந்தால் 100 எம்பிபிஎஸ் இணைப்பு அத்தோடு நிரம்பிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆசிரியர் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு ஏற்றுவார். லேபில் உள்ள கணினிகளும் தனித்தனியாக விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பிக்கும். அதே வீடியோக்கள் பள்ளிக்குள் ஒரு சர்வரில் இருந்தால், அதன் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும். புதிய பாடங்களை ராத்திரியில் இறக்கிக்கொள்ளலாமே.

இதற்கென்று புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். கோலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருள் இணையமே இல்லாத பள்ளிகளுக்காக எழுதப்பட்டது. ராஸ்பெர்ரி பை அளவுள்ள கணினியில்கூட ஓடும். இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கி வைக்கலாம். கட்டற்ற மென்பொருளை வைத்தே அரசுப் பள்ளிகளை நடத்த முடியும் என்று பக்கத்துக் கேரளம் எப்போதோ காட்டிவிட்டது.

வைஃபைக்கு வருவோம். அசையாத மேசைக் கணினிக்கு எதற்கு வைஃபை? வைஃபை தரும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட்டின் ஒரே சேனலை எல்லாரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். கடைசி பெஞ்சில் சிக்னல் குறைந்த ஒரு டேப்லெட் போதும், மொத்த வகுப்பும் திணறும். லேபுக்குக் கேபிள் இழுங்கள், எலி கடிக்காதபடி குழாய்க்குள். டேப்லெட்டுக்கு மட்டும் வைஃபை.

நான் பார்த்த ஒரு பள்ளியில் கணினி எல்லாம் யூபிஎஸ்ஸில் இருந்தது. கணினிகளையும் சர்வரையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் சுவர் பிளக்கில். கரண்ட் போனதும் திரைகள் எரிந்துகொண்டிருந்தன, சர்வரிலிருந்து ஒரு பாடமும் வரவில்லை. தின் கிளையன்ட், அதாவது தனியாக இயங்காமல் சர்வரையே நம்பியிருக்கும் சின்னக் கணினி என்றால் இன்னும் மோசம்: சர்வரோடு தொடர்பு போனால் எல்லா இருக்கையும் போச்சு. பராமரிக்கச் சுலபம் என்பதால் தின் கிளையன்ட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு உபரி சுவிட்சும், சர்வருக்கு மாற்று ஏற்பாடும் அதே டெண்டரில் இருக்கட்டும்.

அப்புறம், பிள்ளைகளின் லாகின். பாஸ்வேர்டு கரும்பலகையில், எல்லாருக்கும் ஒரே கணக்கு, எல்லாருடைய வேலையும் அதே டெஸ்க்டாப்பில். ஒன்பதாம் வகுப்புப் பெண் இரண்டு பீரியட் உட்கார்ந்து போட்ட படத்தை அடுத்த வகுப்புப் பையன் இடம் போதவில்லையென்று அழித்துவிடுகிறான். ஆளுக்கொரு கணக்கும் சர்வரில் ஆளுக்கொரு கோப்புறையும் கொடுங்கள். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் அவரவர் வேலை வர வேண்டும். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஏற்புச் சோதனை. இப்போது பெட்டிகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். அதற்குப் பதிலாக எல்லாக் கணினியிலும் பிள்ளைகளை உட்கார வைத்து, வெளி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெயினையும் பத்து நிமிடம் அணைத்து, ஒரு முழு பீரியட் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பாடம் எடுத்த ஆசிரியர் கையெழுத்திட்ட பிறகு ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகட்டும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியர் ஒருவர்