மர பேபி சேர் செய்யறவங்களுக்கும் விக்கறவங்களுக்கும்: அந்த பெல்ட்ட கழட்ட விடுங்க

வணக்கங்க.

மர பேபி சேர் செய்யற கம்பெனி முதலாளிங்க, பேபி ஃபேர்ல பூத் போட்டு விக்கற கடைக்காரங்க, வாட்ஸ்அப்ல பதில் போடற கஸ்டமர் சர்வீஸ் பிள்ளைங்க, எல்லாருக்கும் சேத்துத்தான் இந்த மடல். யார் பேரையும் போடல, போடவும் தேவையில்ல, ஏன்னா இத படிக்கற அம்மாமாருல பாதி பேர் 'அட நம்ம வீட்டு சேருதான்'னு சொல்லப் போறாங்க. நான் பாத்த வரைக்கும் நிறைய கடையில ஒரே அச்சு, லேபிள் மட்டும்தான் வேற.

போன வாரம் உங்கள்ல ஒருத்தர் கிட்ட இருந்து வந்த மெசேஜ்தான் என்ன எழுத வெச்சது. சேரோட பெல்ட் மட்டும் தனியா வேணும், ஓசியில கேக்கல, காசு குடுத்தே வாங்கிக்கறேன்னுதான் கேட்டேன். பெல்ட் தனியா விக்கறதில்ல மேடம், புது சேர் வாங்கினா டிஸ்கவுண்ட் வவுச்சர் தர்றோம்னு பதில், கடைசியில ஒரு ஹார்ட் படம் வேற. சேரோட கால் ஆடல, பலகை வெடிக்கல, ட்ரே நல்லா இருக்கு. நாறுறது பெல்ட் மட்டும்தான். அதுக்காக நானூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல குடுத்து வாங்குன சேர தூக்கி குப்பை ரூம்ல வெச்சிட்டு புதுசு வாங்கணுமாம், ஹார்ட் போட்டுச் சொல்றீங்க, தேங்க்ஸ்ங்க.

அந்த பெல்ட் எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும், நீங்க செஞ்சதுதான். உக்கார்ற பலகையில ரெண்டு ஓட்டை, நடுவுல ஒண்ணு, அது வழியா பெல்ட்ட விட்டு, அடியில ஒரு தகடு வெச்சு ரிவெட் அடிச்சு மூடியிருக்கீங்க. ஸ்க்ரூ போட்டிருந்தா கூட எங்க வீட்டுக்காரர் கழட்டியிருப்பாரு. ரிவெட்ட கழட்டணும்னா டிரில் போட்டு உடைக்கணும், உடைச்சா திரும்ப மாட்ட ஒண்ணும் இல்ல, வாரண்டியும் போச்சு. தோள் பக்கமும் இதே கதைதான், அதுல பஞ்சு வெச்ச பேட் வேற தச்சிருக்கு, தண்ணிய குடிக்கும் ஆனா விடாது.

இப்ப அது மேல என்னென்ன விழுதுன்னு சொல்றேன். காலையில ராகி கஞ்சி. மத்தியானம் பருப்பு சாதம், மேல நெய், எங்க மாமியார் ஈக்கான் பிலிஸ, அதான் காஞ்ச நெத்திலிய, இடிச்சு தூளாக்கி கஞ்சியில போடுவாங்க, பாப்பாவுக்கு அது ரொம்ப பிடிக்கும். சாயங்காலம் பப்பாளி, இல்லன்னா மசிச்ச வாழப்பழம். ராத்திரி பால். பத்து மாசப் பிள்ள, வாயில போறது பாதி, மிச்சம் எல்லாம் கன்னம், கழுத்து, அப்புறம் பெல்ட். பாப்பா அந்த பெல்ட்ட எடுத்து சப்பவும் செய்யும், அத சொல்லவே வேணாம். நீங்க போட்டோ எடுக்கறப்ப உக்கார வெச்ச பிள்ள மாதிரி வெள்ள சட்டை போட்டுகிட்டு ஒரே ஒரு புரோக்கோலிய கையில புடிச்சுகிட்டு சிரிக்கிற பிள்ள எங்க வீட்ல இல்லீங்க.

இங்க மலேசியாவுல, கோலாலம்பூர்ல காத்துல இருக்கற ஈரம் உங்களுக்குத் தெரியாததா. செந்தூல்ல எங்க அடுக்குமாடி கொண்டோவுல துணி காயப்போட இருக்கறது ஒரு சின்ன யார்டு, மத்தியானத்துக்கு மேல மழ வந்துச்சுன்னா சாதா டவலே மறுநாள் வரைக்கும் காயாது. இதுல பலகையோட சேந்து மாட்டிகிட்டு இருக்கற ஒரு பெல்ட்ட சோப்புத் தண்ணி தொட்டு பிரஷ் போட்டா அது எப்படி காயும்? ஹேர் டிரையர் புடிச்சுப் பாத்தாச்சு, ஃபேன் அடியில வெச்சுப் பாத்தாச்சு. அடியில தகடு இருக்கற எடம் மட்டும் ஈரமாவே நிக்கும், அங்கதான் முதல்ல கறுப்பு புள்ளி வந்துச்சு. பூஞ்சகாளான். வினிகர் போட்டு துடைச்சா ரெண்டு நாள் சும்மா இருக்கும், அப்புறம் திரும்ப வந்துடும், ஏன்னா வேர் அடியில இருக்கு, அங்க என் விரலே போகாது.

அதுக்கப்புறம் எறும்பு. பாப்பா ஒரு நாள் சேர்ல வெச்ச உடனே வீல்னு கத்துச்சு, பல்லு முளைக்கிற வலியா இருக்கும்னு மாமியார் சொன்னாங்க, தூக்குனா சும்மா ஆயிடுச்சு, திரும்ப வெச்சா திரும்ப கத்துது. டயப்பர கழட்டிப் பாத்தா தொடையில வரிசையா செவப்பு தடிப்பு. தோள் பேட்ட புடிச்சு அமுக்கினேன், உள்ள இருந்து எறும்பு வருது, வந்துகிட்டே இருக்கு, பக்கிளுக்குள்ள இருந்தும் வருது. நெய்யும் வாழப்பழமும் ஊறுன பஞ்சு, அதுங்களுக்கு அதவிட நல்ல வீடு எங்க கிடைக்கும். இத போட்டோ எடுத்து அனுப்பிச்சதுக்குத்தாங்க அந்த ஹார்ட் படம் வந்துச்சு.

கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பெல்ட்ட கழட்டி வாஷிங் மெஷின்லயோ வாளியிலயோ போட்டுத் துவைச்சு திரும்ப மாட்டற மாதிரி செய்ங்க, தனியாவும் வித்துத் தாங்க. அவ்வளவுதான்.

நேர்ல கடைக்குப் போய் கேட்டப்ப அங்க இருந்த தம்பி குடுத்த ஐடியா இதுக்கெல்லாம் மேல. 'பெல்ட் இல்லாமலே யூஸ் பண்ணலாம்கா, ட்ரே இருக்கே, பாப்பா எங்க விழுந்துடப் போகுது'ன்னுச்சு. தம்பி மேல கோவம் இல்ல, அதுக்கு கல்யாணமே ஆகியிருக்காது. ஆனா நீங்க டிரெய்னிங் குடுக்கறப்ப இத சொல்லிக் குடுங்க: ட்ரே சாப்பாடு வைக்கறதுக்கு, பிள்ளய புடிக்கறதுக்கு இல்ல. பிள்ளைங்க ட்ரேக்கு அடியில வழுக்கிகிட்டு எறங்கும், கழுத்து மட்டும் மாட்டிக்கும், இல்லன்னா எந்திரிச்சு நின்னு பின்னால சாயும். அதனாலதான் அமெரிக்காவுல 2019ல இருந்து ஹை சேருக்கு அரசாங்க விதியே நடப்புல இருக்கு, இடுப்பையும் கால் நடுவையும் சேத்துப் புடிக்கற மூணு முனை பெல்ட் இருக்கணும், அது போக கால் நடுவுல ஒரு தடுப்பும் இருக்கணும். உங்க டப்பாவுலயே ஐரோப்பா ஸ்டாண்டர்டு ஈஎன் 14988ன்னு பெருசா அடிச்சிருக்கீங்க. ஸ்டாண்டர்டு நம்பர டப்பாவுல போடத் தெரியுது, அந்த பெல்ட் நாறுச்சுன்னா அம்மாமாரு அத வெட்டி எறிஞ்சிட்டு பெல்ட் இல்லாமலே உக்கார வைப்பாங்கன்னு யோசிக்கத் தெரியல. நிஜமாவே வெட்டுன வீடு எனக்குத் தெரியும், ஒண்ணுக்கு மேல.

அப்புறம் உங்க சின்ன புத்தகம். தண்ணியில கழுவாதீங்க, சோப்பு போடாதீங்க, கெமிக்கல் வேணாம், வெயில்ல வைக்காதீங்க, காஞ்ச துணியால துடைங்க. ரொம்ப நல்லதுங்க. இன்னும் ஒரு வரி சேத்துக்கோங்க, பிள்ளைக்கு சாப்பாடும் குடுக்காதீங்கன்னு, சேர் இருவது வருஷம் புதுசாவே இருக்கும்.

மஞ்ச கறைக்கு காஞ்ச துணியா? மஞ்சள்ல இருக்கற நிறம் தண்ணியில கரையாது, எண்ணெயில கரையும், அதான் நெய் போட்ட பருப்ப தொட்டதும் மரத்துல அப்படியே ஏறுது. துணி சோப்பு, பேக்கிங் சோடா மாதிரி காரம் உள்ளது பட்டா மஞ்ச கறை செவப்பா மாறும், பாத்து பயந்துடாதீங்கன்னு யாராவது எழுதி வெச்சிருக்கீங்களா? வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சா அந்த மஞ்ச தானா வெளுக்கும்னு எங்க பாட்டிக்கு கூட தெரியும், நீங்க வெயிலே ஆகாதுன்றீங்க. ட்ரேய மட்டும் யார்டுல காலை வெயில் வர்ற பக்கம் சாய்ச்சு வெச்சு எடுக்கறேன், கறையும் போச்சு, பலகையும் வளையல. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கற சந்துல சோத்துப் பருக்க போயி காஞ்சு சிமெண்டா நிக்குது, அத கறி குத்திச் சுடற சாத்தே குச்சியால நோண்டி எடுக்கறோம். சந்து இன்னும் கொஞ்சம் அகலமா இருந்தா துணி போகும், இல்ல சந்தே இல்லாம இருந்தா நல்லது, ரெண்டுக்கும் நடுவுல சாத்தே குச்சி அளவுக்குன்னு எவர் அளந்தாரோ. இதெல்லாம் கூட பரவால்லங்க, சமாளிக்கறோம். குச்சி வெச்சு சமாளிக்க முடியாதது அந்த பெல்ட்தான்.

போன்ல பேசுன இன்னொருத்தர், மரம்னா அப்படித்தாங்க, நம்ம நாட்டு வெதர்ங்கன்னாரு. சார், அது ரப்பர் மரம். எங்க தாத்தாவும் பாட்டியும் விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு பால் வெட்டப் போன மரம், எங்களுக்கா அந்த மரத்தப் பத்தி வகுப்பு எடுக்கறீங்க. இருவத்தஞ்சு முப்பது வருஷம் பால் குடுத்து முடிச்ச மரத்த வெட்டிதான் நீங்க மேசை நாற்காலி செய்யறீங்க. அந்த மரத்துல சீக்கிரம் பூஞ்சையும் பூச்சியும் புடிக்கும்னுதானே வெட்டுன கொஞ்ச நாள்லயே அறுத்து, போரான் மருந்து ஏத்தி, சூளையில வெச்சு காய வெக்கிறாங்க? பலகைக்கு அவ்வளவு பாத்து செய்யத் தெரியுது, ஜொகூர் மூவார்ல இருந்து உலகம் பூரா ஃபர்னிச்சர் அனுப்பத் தெரியுது. இதே வெதர்ல செஞ்சு இதே வெதர்ல விக்கற சேருக்கு வெதர் தெரியலன்னா எப்படி? அதோட என் புகார் மரத்தப் பத்தியே இல்ல. மரம் நல்ல மரம்.

கழட்டற மாதிரி செய்ய முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஸ்ட்ரோலர் பெல்ட்ட கழட்ட முடியுது, கார் சீட்டோட துணிய உரிச்சு துவைக்க முடியுது. நார்வேக்காரர் பீட்டர் ஓப்ஸ்விக் 1972லயே ஒரு மர நாற்காலி வடிவமைச்சாரு, பிள்ள வளர வளர உக்கார்ற பலகையையும் கால் வைக்கற பலகையையும் ஏத்தி எறக்கலாம், பெரியவங்க கூட உக்காரலாம், இன்னிக்கு வரைக்கும் விக்குது. அம்பது வருஷத்துக்கு முன்னால பலகையவே கழட்டி மாட்ட யோசிச்சிருக்காங்க, நான் கேக்கறது ஒரு முழம் நாடா.

எங்க மாமியாருக்கு வேற இதுல எல்லாம் சிரிப்பு. பாய் விரிச்சு கீழ உக்கார வெச்சு, இல்ல இடுப்புல தூக்கி வெச்சு காக்கா காட்டி நாலு பிள்ளைங்கள வளத்தேன், எந்த பெல்ட்டு எந்த எறும்புன்றாங்க. அவங்களுக்கு முட்டி வலி, இப்ப கீழ உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும், அதுக்குத்தானே சேரே வாங்குனோம்.

வீட்ல மட்டுமா. வெளிய சாப்பிடப் போனா வாழ இலை கடையில மூலையில அடுக்கி வெச்சிருப்பாங்க பாருங்க மர பேபி சேர், அதுல பெல்ட் இருந்தா ஒரு பக்கம்தான் இருக்கும், இருக்கற பக்கமும் போன வருஷ சாம்பார்ல வெறச்சுப் போய் கெடக்கும். நாங்க துப்பட்டாவால கட்டி உக்கார வெக்கிறோம். பெரிய பெரிய மால் கட்டறாங்க, ஆம்பளைங்க டாய்லெட்ல டயப்பர் மாத்த ஒரு பலகை தேடணும், பிள்ளன்னா அம்மா மட்டும்தான் தூக்குவான்னு முடிவே பண்ணிட்டாங்க போல. எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் லிஃப்ட்ல ஸ்ட்ரோலரோட நின்னா கை காலு நல்லா இருக்கற ஆளுங்க முன்னால ஏறிப்பாங்க. பிள்ள பெத்துக்கோங்க பெத்துக்கோங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, பெத்தா உக்கார வெக்க ஒரு நல்ல எடம் இல்ல... சரி, அது உங்க தப்பு இல்ல, நான் எங்கயோ போயிட்டேன், மன்னிச்சிடுங்க.

உங்க விஷயத்துக்கே வர்றேன். நம்ம நாட்டுல 1999ல வந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல, விக்கற சாமானுக்கு நியாயமான காலம் வரைக்கும் ரிப்பேரும் ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்க செய்யறவங்களும் விக்கறவங்களும் ஏற்பாடு பண்ணணும்னு இருக்கு. கிடைக்காதுன்னா விக்கறதுக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும். பூத்ல பலூன் கட்டியிருந்தீங்க, கரடி பொம்ம வேஷம் போட்ட ஒருத்தர் கூட இருந்தாரு, பெல்ட் தனியா கிடைக்காதுன்னு மட்டும் எங்கயும் எழுதி வைக்கல. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போட அஞ்சு வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வைக்கத் தேவையில்ல, வைக்கவும் முடியாது, அம்பதாயிரம் வெள்ளி வரைக்கும் கேக்கலாம். அம்பதாயிரம் எனக்கு எதுக்குங்க. மிரட்டறதுக்காக இத சொல்லல, அஞ்சு வெள்ளி எங்க கிட்டயும் இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

அதனால பணிவா கேட்டுக்கறேன். இனிமே செய்யற சேருக்கு ரிவெட்டுக்கு பதிலா கொக்கியோ ஸ்க்ரூவோ வெச்சு, பெல்ட்ட கழட்டித் துவைக்கற மாதிரி செஞ்சு குடுங்க. ஏற்கனவே வாங்குனவங்களுக்கு மாத்து பெல்ட் விலைக்குக் குடுங்க, ரிவெட்ட எடுத்துட்டு அத மாட்டித் தர கடையில ஒரு ஆள போடுங்க, அதுக்கும் கூலி குடுக்கறோம். பஞ்சு பேட் வேணவே வேணாம், வெறும் நாடா போதும், சீக்கிரம் காயும். தெரிஞ்ச தையல்கார அக்கா ஒருத்தங்க நானே தச்சுத் தர்றேன்னாங்க, எனக்குத்தான் தைரியம் வரல, பத்து கிலோ பிள்ள துள்ளறத புடிக்கணும், பக்கிள் வழுக்கக் கூடாது, அது சோதிச்சுப் பாத்து செய்யறவங்க வேல, அதாவது உங்க வேல.

இதுக்கெல்லாம் நாளாகும்னா, இப்போதைக்கு அந்த நாடாவோட அகலம் என்ன, எந்த சைஸ் பக்கிள், எவ்வளவு கிலோ தாங்கற மாதிரி தச்சதுன்னாவது எழுதி அனுப்புங்க. வவுச்சர நான் யூஸ் பண்ணப் போறதில்ல, வேற யாருக்காவது குடுத்துடுங்க.

இப்படிக்கு,
செந்தூல்ல இருந்து ஒரு பாப்பாவோட அம்மா